களிம்பை நிறுத்தியபின் காணும் எரிச்சல்

சங்கங்களைப் பார்வையிட ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரங்களுக்குச் செல்லும்போது, அங்கத்தினர் பலர் படர்தாமரைக்கும் முகக் கருமைக்கும் மருந்துக்கடையில் தாமே களிம்பு வாங்கிப் பூசுவதைக் காண்கிறோம். அவற்றுள் பல பீட்டாமெதசோன், குளோபெட்டசால் முதலிய ஸ்டீராய்டு கலந்தவை.

மருத்துவர் குறித்த அளவில் இது நல்ல மருந்தே. மாதக்கணக்கில் பூசினாலோ தோல் மெலியும். இரத்தக் குழாய்களும் அதற்குப் பழகிவிடும். நிறுத்திய சில நாட்களிலோ வாரங்களிலோ அக்குழாய்கள் விரிய, தோல் சிவந்து எரிந்து உரியும். பழைய நோயென்றெண்ணி மீண்டும் பூசுவது, கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு வாங்குவதை ஒக்கும்.

2011இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், முகத்தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசி வந்தவர்கள். 2018இல் மத்திய அரசு இத்தகைய 14 மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாதென அறிவித்தது.

ஆகவே, பூசிய களிம்பின் குழாயுடன் அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவரைக் காண்க. நெடுநாள் பூசியவர் திடீரென நிறுத்தாது, அவர் சொற்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். எரிச்சலுக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியும், வறட்சிக்கு மணமற்ற வாசலினும் உதவும். வெயிலையும் வாசனைச் சோப்பையும் தவிர்க்க. படர்தாமரைக்குக் காளான் கொல்லி மருந்தை முழுக்காலமும் கொள்க. சீழ், காய்ச்சல், கண் மங்கல் கண்டால் தாமதியாது மருத்துவமனை செல்க.

தேற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். பொறுத்தவர்க்குப் பெரும்பாலும் தோல் மீளும்.