தொழில் தொடங்குமுன் வாங்குவோரின் தேவையை விசாரித்தறிதல்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களைக் கொண்ட பாலாற்றுப் பிரதேசத்தில் நிலமும் தோலும் ஜனங்களுக்கு ஜீவனம் அளித்து வருகின்றன என்பது யாவரும் அறிந்ததே. இப்பிரதேசத்துக் குடியானவர்களின் பிள்ளைகள் பலர் இன்று இஞ்சினீயரிங், விவசாயம், இரசாயனம் முதலிய சாஸ்திரங்களைப் பயின்று, படிப்பு முடியுமுன்னரே சொந்தத்தில் ஒரு புதுத்தொழில் தொடங்க முற்படுகின்றனர். இதனை ஸ்டார்ட்அப் என்று வழங்குவர். இத்தகைய முயற்சிகளுக்கு இடமும் யோசனையும் உதவும்பொருட்டு வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே ஒரு தொழில் வளர்ப்பகம் ஏற்பட்டது. மாவட்டத் தொழில் மையங்களும், கோயம்புத்தூர் விவசாயப் பல்கலைக்கழகமும் இவ்வகையில் உதவி வருகின்றன.

எனினும், முதல் தேவைப்படும்பொழுது பிள்ளை வந்து நிற்பது பெரும்பாலும் தகப்பனாரிடமே. நிலத்தின் பட்டாவோ, வீட்டிலுள்ள நகையோ ஈடாக வைக்கப்படுகிறது. தொழில் தவறினால் நஷ்டம் மாணவரோடு நில்லாமல் குடும்பத்தின் காணியையும் தொடும். ஆகையால் இவ்விஷயம் கலாசாலைக்கு மட்டும் உரியது என்று குடியானவர்கள் ஒதுங்கியிருத்தல் தகாது.

புதுத்தொழில்கள் நசிப்பதற்குச் சரக்கைச் செய்யத் தெரியாமை ஒன்றே காரணம் அன்று. சரக்கு நன்றாகவே அமைந்தும், அதனைப் பணங்கொடுத்து வாங்குவார் இன்மையால் நசிப்பவை அநேகம். விதைக்குமுன் மண்ணையும் நீரையும் பார்ப்பது போலவே, சரக்கைச் செய்யுமுன் வாங்குவோரின் தேவையை விசாரித்தறிதல் அவசியம்.

கவலைச் சாலும் குரோம் தோலும்

இதற்கு இம்மாகாணத்திலேயே ஒரு பழைய உதாரணம் உண்டு. சென்னை இஞ்சினீயரிங் கலாசாலையில் ஆசிரியராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் 1903ஆம் ஆண்டையொட்டிச் சென்னையில் குரோம் முறையில் தோல் பதனிடும் சோதனைகளைத் தொடங்கினார். அதுவரை இங்கு ஆவாரம்பட்டையைக் கொண்டு பதனிடுதலே வழக்கம். அவ்விதம் பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குப் பெயர் பெற்றது. ஆயினும் ஓயாமல் நீரில் நனைந்து காயும் வேலைக்கு அது நெடுநாள் தாங்குவதில்லை. குரோம் தோல் நீரையும் அழுகலையும் பெரிதும் தாங்கவல்லது.

இத்தோல் யாருக்குப் பயன்படும் என்று ஆராய்ந்தபொழுது முக்கியமாகக் கருதப்பட்ட உபயோகங்களுள் ஒன்று கிணற்றுக் கவலையின் சால் ஆகும். அக்காலத்தில் கிணற்றுப் பாசனம் உள்ள ஒவ்வொரு குடியானவரும் சாலுக்கும் தும்பிக்கும் தோல் வாங்கியாக வேண்டியிருந்தது. தோல் விலையோ ஏறிக்கொண்டிருந்தது. அதாவது, குடியானவர் ஏற்கெனவே பணம் செலவிட்டு வந்த ஒரு தொல்லையை அடுத்தே இச்சோதனை எழுந்தது. இது விசாரணையின் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் அதே மனிதரின் மற்றொரு முயற்சியில் கிடைக்கிறது. சாட்டர்டன் அவ்வாண்டுகளில் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கொண்டு கிணற்று நீரை இறைக்கும் முறையையும் பரப்பி வந்தார். பின்னர் 1932இல் பைக்காராவிலும் 1937இல் மேட்டூரிலும் மின்சார உற்பத்தி தொடங்கியது. காலப்போக்கில் மின்சார மோட்டார் கிராமந்தோறும் பரவிற்று. கவலை மறைந்தது, அதனோடு கவலைச் சாலுக்குரிய தோலின் கிராக்கியும் மறைந்தது. குடியானவருக்கு உண்மையில் வேண்டியிருந்தது பயிருக்குத் தண்ணீர். தோல் அதற்கு ஒரு சாதனமாக இருந்ததே தவிர வேறன்று. சாதனத்தை மட்டும் விசாரித்தவர் அது மாறும்பொழுது திகைப்பார். தேவையை விசாரித்தவர் அடுத்த சாதனத்தையும் எதிர்பார்ப்பார்.

நன்மை ஒருவருக்கு, செலவு மற்றொருவருக்கு

ஒரு சரக்கினால் நன்மை உண்டு என்று நிரூபித்தாலும், அந்நன்மை யாருக்குச் சேருகிறது என்பதை ஆராய வேண்டும். உதாரணமாக, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் கருவி ஒன்றைப் பம்புசெட்டுக்காக ஒரு மாணவர் செய்வதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். ஆகையால் மிச்சமாகும் மின்சாரத்தினால் குடியானவரின் கையில் ஒரு காசும் மிஞ்சாது; லாபம் மின்சார வாரியத்தைச் சேரும். அதே கருவி மோட்டார் எரிந்துபோகாமல் காக்குமாயின், சுருள் கட்டும் கூலியும் காய்ந்துபோகும் பயிரும் குடியானவரின் சொந்த நஷ்டமாதலால் அவர் செவிசாய்ப்பார். கருவி ஒன்றே, விசாரணையினால் விற்பனையின் வழி வேறாகிறது.

தோல் வியாபாரத்தில் இதற்கு இன்னும் பெரிய சான்று உள்ளது. உரித்த தோல் நம் நாட்டு வெப்பத்தில் சில மணி நேரத்திற்குள் அழுகத் தொடங்கும். அதனைத் தடுக்கப் பச்சைத் தோலின் எடையில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை உப்பு தடவுவது வழக்கம். பதனிடும் சாலையில் தோலை ஊறவைக்கும்பொழுது இவ்வுப்பு கழிவு நீரில் இறங்குகிறது. கிருமிகளைக் கொண்டு கழிவு நீரைச் சுத்திகரிக்கும் சாதாரண முறையில் உப்பு நீங்குவதில்லை. அதனைப் பிரித்தெடுக்கும் முறைகளோ மிகுந்த செலவுள்ளவை.

இதன் பலனைப் பாலாற்றுப் பிரதேசத்துக் குடியானவர்கள் அனுபவித்திருக்கின்றனர். வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பிரதேசத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாததாயிற்று என்று விவசாயப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையம் கண்டதை அத்தீர்ப்பு எடுத்துக் கூறுகிறது.

இந்நிலையில், உப்பில்லாமல் தோலைக் காக்கும் ஒரு மருந்தை மாணவர் ஒருவர் கண்டுபிடித்தால் அதற்கு உடனே கிராக்கி இருக்கும் என்றே எவரும் எண்ணுவர். ஆனால் உப்பைத் தடவுபவர் தோலை உரிப்பவரும் தோல் வியாபாரியும் ஆவர். அவர்களுக்கு உப்பு மலிவானது. எந்தக் கடையிலும் கிடைப்பது. புதிதாய்க் கற்க வேண்டாதது. கழிவு நீரின் செலவைச் சுமப்பவர் பதனிடும் சாலைக்காரர். நிலத்தை இழப்பவர் குடியானவர். ஆகவே மருந்தை உபயோகிக்க வேண்டியவர் ஒருவர், அதனால் செலவு குறைபவர் மற்றொருவர், மிகுந்த நன்மை பெறுபவர் மூன்றாமவர். சென்னையில் 1948இல் ஏற்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உப்பைக் குறைக்கும் முறைகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருந்தும், உப்பே பெருவழக்காக நிற்பதற்கு இந்நிலைமையும் ஒரு காரணம் எனலாம். இம்மருந்தை விற்க விரும்புவோர், சாலைக்காரர் உப்பில்லாத் தோலுக்குக் கூடுதல் விலை தருவாரா, அவ்விலை உரிப்பவரின் கைக்கு எட்டுமா என்பதை முதலில் விசாரித்தாக வேண்டும்.

யாரை விசாரிப்பது?

எந்தச் சரக்காயினும் மூவகையினரைத் தனித்தனியே காண வேண்டும். முதலாமவர், அதனைக் கையாள்பவர்; இரண்டாமவர், பணம் கொடுப்பவர்; மூன்றாமவர், அதனைத் தடுக்கும் அதிகாரம் உடையவர். தோற்கழிவிலிருந்து உரம் செய்ய எண்ணுபவர் குடியானவரை மட்டும் கண்டு திரும்பினால் போதாது. குரோம் கலந்த கசடு அபாயகரமான கழிவு என்று சட்டத்தில் வகுக்கப்பட்டிருத்தலால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இன்றி எதுவும் நடவாது. இதனைக் கொட்டகை போட்டபின் அறிவதைவிட முன்னரே அறிதல் நன்று.

எவ்வாறு வினவுவது?

“இப்படி ஒரு சரக்குச் செய்தால் வாங்குவீர்களா?” என்று கேட்பது பயனற்றது. நம் கிராமத்தார் படிக்கும் பிள்ளையின் மனத்தைப் புண்படுத்த விரும்பார். “நல்லது தம்பி, கொண்டு வாருங்கள், பார்ப்போம்” என்பார்கள். அது மரியாதைச் சொல். கொள்முதல் வாக்கு அன்று. வரப்போவதைப் பற்றிய அபிப்பிராயத்தைக் கேளாமல், நடந்து முடிந்ததையே கேட்க வேண்டும். கீழ்க்கண்ட வினாக்கள் பெரும்பாலான தொழில்களுக்குப் பொருந்தும்.

1. இத்தொல்லை கடைசியாக எப்பொழுது நேர்ந்தது? அன்று என்ன செய்தீர்கள்?

2. அதற்கு எவ்வளவு பணமும் எத்தனை நாளும் செலவாயின?

3. அதைத் தீர்க்க இதற்குமுன் எதையேனும் வாங்கிப் பார்த்தீர்களா? ஏன் விட்டுவிட்டீர்கள்?

4. வீட்டில் இத்தகைய செலவைத் தீர்மானிப்பவர் யார்? பணம் கையில் இருப்பது எந்த மாதத்தில்?

5. இதைப் பற்றி இன்னும் யாரைக் கண்டு கேட்கலாம்?

தொல்லையைத் தீர்க்க இதுவரை ஒரு முயற்சியும் செய்யாதவர், புதுச் சரக்கு வந்தாலும் பெரும்பாலும் வாங்கார். ஆண்டொன்றுக்கு 1,000 ரூபாய் நஷ்டம் தரும் தொல்லைக்கு 5,000 ரூபாய்க் கருவியை விற்பதும் அரிது.

விசாரணையின்போது சரக்கை முதலிலேயே எடுத்துக்காட்டலாகாது. காட்டியவுடன் பேச்சு தொல்லையை விட்டுச் சரக்கின் புகழ்ச்சிக்குத் திரும்பிவிடும். வேலை நடக்கும் இடத்திற்கே சென்று, அவர் ஓய்ந்திருக்கும் வேளையில், ஒவ்வொருவராகக் காண வேண்டும். வினவுவது சிறிது, கேட்பது பெரிது என்று இருத்தல் வேண்டும். சொன்னதை அன்றே, சொன்ன வார்த்தையிலேயே, நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். உறவினரும் நண்பரும் கூறும் பாராட்டைக் கணக்கில் சேர்க்கலாகாது.

எத்தனை பேரைக் காண்பது என்ற கேள்வி எழலாம். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான ஸ்தாபனம் 2011இல் தொடங்கிய ஐ-கார்ப்ஸ் என்னும் பயிற்சியில், ஆராய்ச்சியைத் தொழிலாக்க விரும்பும் குழுவினர் சுமார் ஏழு வாரங்களில் 100 பேரிடம் விசாரிக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. நம் மாணவர் முதலில் 30 பேரைக் கண்டாலும், ஒரே தொல்லையைப் பலர் தாமாகவே கூறுகின்றனரா என்பது விளங்கத் தொடங்கும்.

விசாரணைக்குப் பின் சிறு அளவில் சோதனை செய்யலாம். ஐந்து பேருக்குக் கைவேலையாய்ச் செய்து கொடுத்து, ஒரு சிறு முன்பணமேனும் பெற வேண்டும். இனாமாகக் கொடுத்தால் எல்லோரும் வாங்குவர். அதிலிருந்து அறியக்கூடியது ஒன்றுமில்லை. முன்பணம் கொடுத்தவர் மறுமுறையும் தாமாகவே கேட்டு வருவாராயின் அதுவே சிறந்த சாட்சி.

பெற்றோரும் கிராம அதிகாரிகளும் செய்யத்தக்கவை

பட்டாவை ஈடு வைக்குமுன் தகப்பனார் மூன்று கணக்குகளைக் கேட்டுப் பார்க்கலாம். கண்டு விசாரித்தவர்களின் பட்டியல் ஒன்று. அவர்கள் அத்தொல்லைக்கு இப்பொழுது செய்யும் செலவு இரண்டு. முன்பணம் கொடுத்தவர்களின் தொகை மூன்று. இம்மூன்றும் இல்லாமல், கலாசாலைப் போட்டியில் பரிசு கிடைத்தது என்பதும், சர்க்கார் மானியம் கிடைக்கும் என்பதும் ஈடு வைக்கப் போதிய காரணம் ஆகா. மானியம் முதலுக்கு உதவும், வாங்குவோரைக் கொண்டுவராது.

கிராம நிர்வாக அலுவலர், பஞ்சாயத்துத் தலைவர், கூட்டுறவுச் சங்கச் செயலாளர் முதலியோர் மாணவர்களுக்குத் தக்க மனிதர்களைக் காட்டியுதவலாம். ஆனால் ஊராரைச் சாவடியில் கூட்டிவைத்து மாணவரைப் பேசச் செய்வது உசிதமன்று. அதிகாரி முன்னிலையில் ஜனங்கள் அவருக்குப் பிரியமானதையே சொல்வர். அறிமுகம் செய்துவிட்டு விலகி நிற்பதே பெரிய உதவியாகும்.

விசாரணையின் முடிவு எதிராக வருமாயின் மனம் தளர வேண்டியதில்லை. இரண்டு மாத அலைச்சலும் பஸ் சார்ஜும் செலவாயின, காணி தப்பிற்று. வேறொரு தொல்லையைப் பலர் தாமாகவே கூறியிருப்பின் அது நோட்டுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கும். அடுத்த முயற்சியை அங்கிருந்து தொடங்கலாம். அறுவடை முடிந்து குடியானவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் காலமும் மாணவர்களின் விடுமுறையும் கூடும் வாரங்கள் இவ்விசாரணைக்கு மிகவும் ஏற்றவை.