கூடம் கோணல்தான்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." இந்தப் பழமொழியைச் சொல்லி நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கிண்டல் செய்திருக்கிறோம்! நானும் செய்தவன்தான். ஆனால் போன குளிர்காலத்தில், என் வீட்டுக் கூடம் உண்மையிலேயே கோணல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தக் கதையைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நாங்கள் இருப்பது கார்டன் ரீச்சில். தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் இங்கே இருப்பதால் வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சிக்னல், டெலிபோன் ஒயர்களோடு முப்பத்தைந்து வருடம் மல்லாடிவிட்டு ஓய்வு பெற்றவன் நான்.

என் பேரனும் அவன் கல்லூரி நண்பர்கள் மூவரும் ஓர் இசைக்குழு நடத்துகிறார்கள். பேரன் கிதார், ஒரு தெலுங்குப் பெண் கீபோர்டு. பக்கத்துத் தெரு வங்காளிப் பையன் பாடுவான். மெட்டியாபுரூஸில் தையல் கடை வைத்திருப்பவரின் மகன் ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து தாளம் தட்டுவான். எங்கள் முன்னறையில்தான் பயிற்சி, ஒலிப்பதிவு எல்லாம். நேரில் கேட்டால் அருமையாக இருக்கும். பதிவு செய்து கேட்டாலோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். "தாத்தா, முப்பதாயிரத்துக்கு நல்ல மைக் ஒன்று வாங்கினால் சரியாகிவிடும்" என்றான் பேரன். நான் பழமொழியைச் சொன்னேன்.

அம்மாவின் தாலாட்டு

என் அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது, சொந்த ஊர் மாயவரம் பக்கம். அவர் தாயார் பாடிய ஒரு தாலாட்டை இன்றும் முழுதாகப் பாடுவார். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது பாதிக்கு மேல் தெரியாது. அதைத் தங்கள் பாட்டு ஒன்றில் சேர்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. நடு அறையில் மைக்கை வைத்துப் பாடச் சொன்னார்கள். பதிவைப் போட்டுக் காட்டியதும் அம்மா முகம் சுளித்தார்.

"யாருடா இது, கெணத்துக்குள்ளேருந்து கூப்பிடறது? இது என் குரலே இல்லை. எனக்கு வேண்டாம்பா."

அதற்குப் பிறகு எவ்வளவு கெஞ்சியும் பாட மறுத்துவிட்டார். மாதத்துக்கு மாதம் அவர் குரல் இளைத்துக்கொண்டு வருவதை நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இனி இது பிள்ளைகள் விளையாட்டு அல்ல என்று அன்றுதான் உறைத்தது.

கை தட்டினேன், குட்டு வெளிப்பட்டது!

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினேன். "டிங்ங்" என்று ஓர் எதிரொலி ஓடியது. சிவப்பு சிமெண்ட் தரை, வெறும் சுவர்கள், மூலையில் இரும்பு பீரோ. எல்லாம் ஒலியை விழுங்காமல் திருப்பி அடிப்பவை. நேரில் கேட்கும்போது நம் காதும் மூளையும் சேர்ந்து எதிரொலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். மைக்குக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, வந்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும். இந்த அறையில் முப்பதாயிரம் ரூபாய் மைக்கை வைத்தால் எதிரொலி இன்னும் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்!

பிள்ளைகள் சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். பலரும் செய்வதுதான், பலன் மிகக் குறைவு. மெல்லிய அட்டை ஒலியை உறிஞ்சாது. அதற்குக் கனமும் காற்றிடமும் உள்ள பொருள் வேண்டும். பஞ்சு வைத்த 'லேப்' கல்கத்தாக் குளிருக்கு வீட்டில் இருக்கிறதே! மூன்று லேப்களைக் கயிறு கட்டி, சுவரிலிருந்து அரையடி தள்ளித் தொங்கவிட்டோம். தையல்காரர் மகன் கடையிலிருந்து வெட்டுத் துணிகளை இரண்டு மூட்டை கொண்டு வந்தான். மூலைகளில்தான் தாழ்ந்த ஒலி சேர்ந்து குமுறும், அங்கே அடுக்கினோம். பீரோவைப் பக்கத்து அறைக்குத் தள்ளினோம். மறுபடி கை தட்டினால் "டப்" என்று நின்றது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. லேப் அறைக்குள் இருக்கும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, தெருவில் போகும் கன்டெய்னர் லாரியின் ஹாரனைத் தடுக்காது. அதற்கு, தெரு அடங்கும் ஞாயிறு மதியத்தைத் தேர்ந்தெடுத்தோம். பின்பக்கத்து ஒலியை அதிகம் வாங்காத வகை மைக் அது. அதனால் அதன் முதுகை ஜன்னல் பக்கம் திருப்பினோம். குளிர்காலமாதலால் மின்விசிறியை நிறுத்தவும் முடிந்தது.

ஒரு சாண் தூரம்

அடுத்தது தூரம். பாடுபவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால், நேராக வந்து சேரும் குரல் ஆறு டெசிபெல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். நாலடி தள்ளி உட்கார்ந்த அம்மாவின் குரல் கிணற்றில் விழுந்தது இதனால்தான். மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டு வந்து, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே பக்கவாட்டில் வைத்தோம். 'ப' என்ற எழுத்து வெடிக்காமல் இருக்க, பூத்தையல் வளையத்தில் மெல்லிய துணியைக் கட்டி நடுவில் நிறுத்தினோம்.

கிதாருக்கு ஓட்டைக்கு நேராக மைக் வைத்தால் குமுறும். பன்னிரண்டாவது கட்டைப் பார்த்து ஓரடி தூரத்தில் வைத்தால் தெளியும்.

பின்னணியில் ஒரு "ம்ம்ம்" கேட்டதே, அது என் துறை! நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் சரியில்லாவிட்டால் அந்த இரைச்சல் ஒயரில் புகுந்துவிடும். லேப்டாப்பின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டோம், நின்றது. பதிவின் அளவையும் குறைத்தோம். மீட்டர் உச்சத்தில்கூட மைனஸ் பத்து டெசிபெலைத் தாண்ட வேண்டாம், 24 பிட் பதிவில் இடம் தாராளம். சிவப்பைத் தொட்டுச் சிதைந்த ஒலியை மீட்பது பெரும்பாடு.

பதிவுக்குப் பின் செய்யும் வைத்தியத்திலும் அளவு வேண்டும். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டலாம். இரைச்சல் நீக்கியை அதிகம் போட்டால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். முடித்ததை ஹெட்போன், செல்போன், பழைய ஸ்பீக்கர் என மூன்றிலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதே கல்கத்தாவில், 1902ல்

வீட்டு அறைப் பதிவு என்றால் இளப்பமாக நினைக்க வேண்டாம். 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பிரெட் கைஸ்பெர்க் இந்தியாவின் முதல் வணிக இசைத்தட்டுகளைப் பதிவு செய்தது இதே ஊரில், ஓர் ஓட்டல் அறையில்தான்! ஒலிப்பதிவுக்கு மைக்கே பயன்படாத காலம். கௌஹர் ஜான் ஒரு கூம்புக்குள் பாடினார். அவருடைய தாயார் மல்கா ஜான், எங்கள் பேட்டையிலேயே 1856 முதல் 1887 வரை வாழ்ந்த அவத் நவாப் வாஜித் அலி ஷாவின் அவையில் பாடியவர். ஏ.ஆர்.ரஹ்மான் 'ரோஜா' (1992) காலத்தில் கோடம்பாக்கத்தில் வீட்டோடு வைத்திருந்த ஸ்டூடியோவில் உழைத்தவர். 2020ல் கிராமி விருது பெற்ற பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம், பெரும்பாலும் அவருடைய அண்ணனின் படுக்கையறையில் உருவானது.

கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரைச் சொல்வார். தட்டு அச்சாகும் ஜெர்மனியின் ஹனோவரில் யார் பாடியது என்று தெரிய வேண்டுமே! அதைக் கேட்ட பிள்ளைகள் அம்மாவையும் பெயர், ஊர் சொல்ல வைத்தார்கள்.

ஆம், அம்மா பாடினார். "ஒரே ஒரு தரம்தான்" என்ற நிபந்தனையோடு. ஹெட்போனை மாட்டிப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார். நாங்கள் மூச்சுவிடாமல் நின்றோம்.

"ரெண்டாவது அடியிலே மூச்சு வாங்கிட்டேன். தள்ளுங்கோ, இன்னொரு தரம் பாடறேன்" என்றார்!

அன்பர்களே, ஊரைவிட்டு வந்த நம் வீடுகளில் இப்படி எத்தனை தாலாட்டுகள், நலங்குப் பாட்டுகள், ஒப்பாரிகள் ஒரே ஒரு குரலில் தங்கியிருக்கின்றன! பிள்ளைகளிடம் செல்போன் இருக்கிறது, அலமாரியில் போர்வை இருக்கிறது. கூடத்தை நேராக்கி, இந்தக் குளிர்காலத்திலேயே பதிவு செய்யுங்கள். கடைசியில் பெயரும் ஊரும் தேதியும் சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பழமொழியை மட்டும் பிள்ளைகளிடம் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள்.