நாலு வரி வசனமும் டெல்லி கணேஷும்

போன வருஷம் எங்கள் மகனின் தமிழ்ப் பள்ளியில் ஆண்டு விழாவுக்கு ஒரு நாடகம் போட்டார்கள். அவனுக்குக் கிடைத்தது கடைக்காரர் வேஷம். மொத்தம் நாலு வரி வசனம். அதற்கு ஆறு சனிக்கிழமை ஒத்திகை. அதே நேரத்தில்தான் அவனுக்கு லெவன் பிளஸ் டியூஷன்.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஒரு ஒத்திகை இரண்டு மணி நேரம் என்றால் ஆறுக்குப் பன்னிரண்டு மணி நேரம். ஒரு வரிக்கு மூன்று மணி நேரம்! "இது தேவையா?" என்று வீட்டில் கேட்டேன். என் மனைவி ஈஸ்ட் ஹாமிலேயே பிறந்து வளர்ந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். "நாலு வரியோ நாப்பது வரியோ, அவன் ஓமெண்டு சொல்லிப்போட்டான் தானே?" என்றார். நான் சமாதானம் ஆகவில்லை. "மகனால் நாடகத்துக்கு வர இயலாது" என்று டீச்சருக்கு ஒரு மெசேஜ் டைப் பண்ணி வைத்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டில் 'மைக்கேல் மதன காமராஜன்' ஓடிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்த காட்சி. எங்கள் பையன் கமலை விட்டுவிட்டு, பக்கத்தில் பதறிக்கொண்டு நிற்கும் வயதான சமையல்காரரைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"அப்பா, இவர் யாரு?"

"டெல்லி கணேஷ்டா."

"டெல்லியா? தமிழர் இல்லையா?"

அவனுக்குப் பதில் சொல்லத் தொடங்கியபோதுதான் நான் செய்யவிருந்த தப்பு எனக்கே புரிந்தது.

வல்லநாட்டிலிருந்து டெல்லிக்கு

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. அங்கிருந்து தூத்துக்குடி பஸ்ஸில் ஏறினால் வழியில் வல்லநாடு வரும். வெளிமான் சரணாலயம் இருக்கிற ஊர். கணேசன் 1944இல் அங்கேதான் பிறந்தார். 1964இல் இந்திய விமானப் படையில் சேர்ந்து பத்து வருஷம் வேலை பார்த்தார். நடிப்புப் பள்ளி எதிலும் படித்தவர் இல்லை. அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது டெல்லித் தமிழர்களின் நாடக மேடை.

அந்தக் கால டெல்லியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மத்திய அரசு வேலைக்காக ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறியிருந்தன. கரோல் பாக்கில் இட்லியும் காபியும் கிடைக்கும். 1946இலேயே டெல்லித் தமிழ்ச் சங்கம் வந்துவிட்டது. பகலில் ஆபீஸ், சாயங்காலம் ஒத்திகை, லீவு நாளில் நாடகம். நம்ம ஹை ஸ்ட்ரீட் நார்த்தும் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவும் ஞாபகம் வருகிறதா? எனக்கு வந்தது.

அந்த மேடை சாதாரணமானதில்லை. 1947 ஆகஸ்ட் 15 அன்று அகில இந்திய வானொலியில் சுதந்திரச் செய்தியைத் தமிழில் வாசித்த பூர்ணம் விஸ்வநாதனும் டெல்லியில் நாடகம் போட்டவர்தான். 'மகாநதி'யில் கமலின் மாமனாராக வருவாரே, அவரேதான். கணேசன் சேர்ந்தது தட்சிண பாரத நாடக சபா என்ற குழுவில்.

பிறகு கே. பாலசந்தர் தன் 'பட்டினப் பிரவேசம்' (1977) படத்தில் அவரை அறிமுகப்படுத்தினார். விசுவின் நாடகத்திலிருந்து வந்த கதை அது. கிராமத்துக் குடும்பம் ஒன்று பட்டணத்துக்கு வந்து படுகிற பாடு. 'டெல்லி' என்ற அடைமொழியையும் பாலசந்தரே வைத்தார். பிறந்த ஊர் வல்லநாடு, வாழ்ந்த ஊர் சென்னை. பெயரில் நின்றதோ பிழைக்கப் போன இடத்தில் நாடகம் கற்றுக்கொண்ட ஊர்!

சின்ன வேஷங்களும் நானூறு படங்களும்

அவர் நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். பெரும்பாலும் அப்பா, மாமா, மேனேஜர், சமையல்காரர் மாதிரியான வேஷங்கள்தான். சில படங்களில் வருவதே நாலைந்து காட்சிதான். ஆனால் எதையும் அலட்சியமாகச் செய்ததில்லை.

துரை இயக்கிய 'பசி' (1979) பாருங்கள். குடிசைப் பகுதியில் வாழும் ரிக்‌ஷாக்காரர், ஷோபாவின் அப்பா. அந்தப் படத்துக்காக ஷோபாவுக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. இவருக்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு. 'சிந்து பைரவி'யில் (1985) குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வரும் மிருதங்க வித்வான். 'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கரின் கூடவே இருக்கும் ஐயர். 'அபூர்வ சகோதரர்கள்' (1989) படத்தில் வில்லன்களில் ஒருவர். அடுத்த வருஷமே நாம் பார்த்த அந்தப் பாலக்காட்டுச் சமையல்காரர்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமைக்காரர் 'பசி'யில் சென்னைத் தமிழ் பேசுகிறார், 'மைக்கேல் மதன காமராஜ'னில் பாலக்காட்டுத் தமிழ் பேசுகிறார். காது கொடுத்துக் கேட்டுப் பழகிக்கொண்ட தமிழ்கள் அவை. "எங்கட பிள்ளைக்குத் தமிழ் உச்சரிப்பு சரியா வராது, மேடையில ஏத்த வெக்கமா இருக்கு" என்று நம்மில் எத்தனை பேர் சொல்கிறோம்? உச்சரிப்பு என்பது வேஷத்தின் ஒரு பகுதி. பழகினால் வரும். பழக ஒரு இடம் வேண்டும், அவ்வளவுதான்.

2024 நவம்பர் 9 அன்று எண்பது வயதில் சென்னையில் காலமானார். விமானப் படையினர் வந்து மரியாதை செலுத்தினார்கள்.

லண்டனிலும் உண்டு

நான் இதையெல்லாம் பையனுக்குச் சொல்லிக்கொண்டிருக்க, மாமா குறுக்கிட்டார். "தம்பி, டெல்லி வரைக்கும் ஏன் போறீங்கள்? இஞ்சை லண்டனிலயே இருக்கினம்."

அவர் சொன்னது தமிழ் அவைக்காற்று கலைக் கழகத்தை. 1978இல் இலங்கையில் க. பாலேந்திராவும் நண்பர்களும் தொடங்கிய குழு. லண்டனுக்கு இடம் பெயர்ந்து இங்கேயும் பல வருஷமாக நாடகம் போட்டு வருகிறார்கள். லோர்கா, பிரெக்ட், டென்னஸி வில்லியம்ஸ் எல்லாரையும் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவர்கள். பாலேந்திராவின் மனைவி ஆனந்தராணி மேடை நடிகை மட்டுமில்லை. செங்கை ஆழியானின் நாவலை வைத்து இலங்கையில் எடுத்த 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்தவர். மாமா அதை யாழ்ப்பாணத்தில் தியேட்டரில் பார்த்திருக்கிறாராம். நான் லண்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் என்ன ஆச்சு?

அந்த மெசேஜை அழித்தேன். டியூஷனை ஆறு வாரத்துக்குப் புதன்கிழமை மாலைக்கு மாற்றிக் கேட்டேன். எல்லா வாரமும் கிடைக்கவில்லை. இரண்டு வகுப்பு போயே போச்சு. அடுத்த மாக் டெஸ்டில் மார்க் கொஞ்சம் குறைந்தது. மறைக்காமல் சொல்கிறேன்.

பையன் என்ன செய்தான் தெரியுமா? நாங்கள் காய்கறி வாங்கும் கடையில் போய் நின்று கடைக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தான். காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே வெண்டைக்காய் நிறுப்பார். அதை அப்படியே பிடித்துக்கொண்டான். வசனத்தில் "பணம் பிறகு கொடுங்கள்" என்று இருந்தது. "கடைக்கார அங்கிள் அப்படிப் பேசமாட்டார் டீச்சர்" என்று சொல்லி, "காசு பிறகு தாங்கோ அண்ணை" என்று மாற்றிக்கொண்டான். டீச்சரும் சரி என்றார்.

விழா அன்று ஹாலில் அந்த வரிக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாவது வரியில் அவன் ஒரு வார்த்தையை முழுங்கிவிட்டான், அதுவும் உண்மைதான். ஆனால் தமிழில் ஒரு வரியை எப்படிச் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனாகவே யோசித்ததை நான் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். வீட்டில் நான் "தமிழ்ல பேசுடா" என்று நூறு தடவை சொல்லியும் வராத விஷயம் அது.

நம் பிள்ளைகள் எல்லாரும் நடிகராகட்டும் என்று நான் சொல்லவில்லை. லெவன் பிளஸும் எழுதட்டும். ஆனால் அடுத்த முறை தமிழ்ப் பள்ளியிலிருந்து "உங்கள் பிள்ளைக்குச் சின்ன வேஷம்தான்" என்று மெசேஜ் வந்தால் என்னை மாதிரிக் கணக்குப் போடாதீர்கள். அந்த வார இறுதியில் பிள்ளையோடு உட்கார்ந்து 'மைக்கேல் மதன காமராஜன்' பாருங்கள். பிள்ளை கொஞ்சம் பெரியது என்றால் 'பசி' பாருங்கள். அந்தச் சின்ன வேஷக்காரரை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

இந்த வருஷ நாடகத்துக்குப் பெயர் கேட்டிருக்கிறார்கள். பையன் கொடுத்துவிட்டான். எத்தனை வரி என்று நான் கேட்கவில்லை.