ஆட்டக்காரரும் ஆசானும்

கொட்டாஞ்சேனையில் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேச இருவர் கூடினால், மூன்றாமவராக ஒரு பழைய ஆட்டக்காரர் வந்து சேர்ந்துகொள்வார். அப்பகுதியின் இயல்பு அத்தகையது. புனித பெனடிக்ற் கல்லூரியின் அணிகளும் அயலிலுள்ள கழகங்களும் தலைமுறை தலைமுறையாக வீரர்களை ஆக்கித் தந்த இடம் அது. சுகததாச விளையாட்டரங்கும் அங்கிருந்து வெகு தொலைவில் இல்லை. 1995ஆம் ஆண்டின் தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை அணி இந்தியாவை ஒன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் வென்றது அந்த அரங்கிலேதான்.

அத்தகைய பேச்சுக்களிலே அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. ஓய்வு பெறும் வீரர்களுள் எவர் நல்ல பயிற்றுநர் ஆவார் என்பதே அவ்வினா. கேட்ட மாத்திரத்திலே பலரும் தரும் விடை, “எவர் மிகச் சிறந்த ஆட்டக்காரரோ அவரே” என்பதாகும். இவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலிலே ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளின் முடிவில், புகையிரதப் பாதையைக் கடந்தால் மணற்கரை. கடல் சற்று உள்வாங்கிய மாலை வேளைகளில் சிறுவர்கள் அங்கே பந்து உதைப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்குப் பயிற்சியளிக்க முன்வந்த இருவரை அங்கே கண்டேன். ஒருவர், ஒரு காலத்தில் அரங்கமே எழுந்து நின்று கைதட்டிய முன்கள வீரர். மற்றவர், அதே காலத்தில் பெரும்பாலும் மாற்று வீரராக வெளியே உட்கார்ந்திருந்த பின்கள வீரர்.

பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவனுக்குப் பந்தைக் காலால் நிறுத்த வரவில்லை. பட்ட பந்து எகிறி ஓடியது. முன்கள வீரர், “இப்படிச் செய்” என்று சொல்லித் தாமே பந்தை நிறுத்திக் காட்டினார். என்ன அழகு! காலோடு பந்து ஒட்டிக்கொண்டது. சிறுவன் முயன்றான், முடியவில்லை. மறுபடியும் காட்டினார், மறுபடியும் முடியவில்லை. மூன்றாம் முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இதுகூட வராதா உனக்கு?” என்றார். சிறுவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்போது மற்றவர் மணலிலே முழந்தாளிட்டு, அவனுடைய கணுக்காலைக் கையால் பிடித்து, “தம்பி, காலை விறைப்பாக வைத்திருக்கிறாய். பந்து வந்து படும்போது காலைச் சற்றுப் பின்னே இழு, முட்டையைக் கையில் ஏந்துவதுபோல் ஏந்து” என்றார். நாலைந்து முயற்சிக்குப் பிறகு பந்து நின்றது. முன்னவர் அச்சிறுவனுக்குத் தம்முடைய திறமையைக் காட்டினார். பின்னவர் அவனுடைய திறமையையே அவனுக்குக் காட்டிக்கொடுத்தார்.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், அதன் பாயிரத்திலே நல்லாசிரியருக்கும் ஆசிரியராகத் தகாதவருக்கும் இலக்கணம் வகுத்தார். நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமை கூறினார். தகாதவருக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு ஆகிய நான்கையும் உவமை கூறினார். இலக்கணம் கற்பிப்பவருக்காகச் சொல்லப்பட்ட இவ்வுவமைகள், பந்தாட்டம் கற்பிப்பவருக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன.

பருத்திக் குண்டிகையை முதலில் எடுத்துக்கொள்வோம். குறுகிய வாயையுடைய பாத்திரத்திலே பருத்தியைத் திணித்தால், உள்ளே நிறையப் பொருள் இருக்கும். ஆனால் வெளியே எடுப்பது அரிது. பெரிய ஆட்டக்காரர் பலரின் நிலை இதுவே. இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரரின் கதை இதற்குத் தக்க சான்று. 1966இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்து அணியில் இருவரும் ஆடினர். தம்பி பொபி, நாட்டுக்காக 49 கோல்கள் அடித்த மேதை; அச்சாதனை 2015 வரை முறியடிக்கப்படவில்லை. தமையன் ஜக், முப்பது வயதை நெருங்கும்போதுதான் நாட்டு அணியில் இடம்பெற்ற பின்கள வீரர். 1973இல் இருவரும் ஏறத்தாழ ஒரே வேளையில் அணிகளைப் பயிற்றுவிக்கும் பொறுப்பை ஏற்றனர். இரு அணிகளும் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவை. ஒரே பருவகாலத்தின் முடிவில் ஜக்கின் மிடில்ஸ்பரோ முதலிடம் பெற்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. பொபியின் பிரெஸ்டன் மூன்றாம் பிரிவுக்குத் தாழ்ந்தது. பின்னர் ஜக் அயர்லாந்து அணியை முதன்முறையாக உலகக் கிண்ணத்துக்குக் கொண்டு சென்று, 1990இல் காலிறுதி வரை அழைத்துச் சென்றார்.

காரணம் என்ன? ஜக், ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே பயிற்றுநர் வகுப்புகளுக்குச் சென்று அத்தொழிலை முறையாகக் கற்றவர். இயற்கை அவருக்கு அள்ளிக் கொடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிச் சேர்க்க வேண்டியிருந்தது. எண்ணிச் சேர்த்தவனுக்கே எண்ணிக் கொடுக்கத் தெரியும்.

அடுத்தது மடற்பனை. கருக்கு நிறைந்த மட்டைகளோடு நிற்கும் பனையில் எவரும் ஏறிப் பழம் பறிக்க இயலாது. அதுவாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். அண்ட முடியாத பெரும்புகழோடு நிற்கும் பயிற்றுநர் இத்தகையவர். வீரன் ஒருவன் தயங்கித் தயங்கி ஐயம் கேட்டால், “எங்கள் காலத்தில்” என்று தொடங்குவார். மறுநாள் அவன் கேட்கமாட்டான். ஐயம் கேட்கப்படாத அணியிலே அதே பிழை அடுத்த ஆட்டத்திலும் நிகழும்.

கழற்குடம் என்பது கழற்சிக்காய்களை இட்ட குடம். இட்ட ஒழுங்கிலே காய்கள் வெளிவாரா. கவிழ்த்தால் முன்பின்னாக உருளும். உதைபந்தாட்டத்தைக் கற்பிப்பதற்கும் ஓர் ஒழுங்குண்டு. பந்தை நிறுத்தல், இரு காலாலும் கொடுத்தல், கொடுத்தபின் இடம் மாறுதல், பந்து வருமுன் தலையைத் திருப்பிச் சுற்றிலும் பார்த்தல் ஆகியவை முதலில் வரவேண்டும். பதினொருவரும் சேர்ந்து ஆடும் வியூகம் அதன் பின்னரே. பந்தை நிறுத்தத் தெரியாத சிறுவனை வியூகத்திலே நிறுத்துவது, எழுத்தறியாதவனுக்கு யாப்பிலக்கணம் கற்பிப்பதை ஒக்கும். ஆசியக் கூட்டமைப்பு பயிற்றுநர்களுக்கு ‘சி’, ‘பி’, ‘ஏ’ என்று படிப்படியான சான்றிதழ்களை வகுத்திருப்பதும் இந்த ஒழுங்கைக் கற்பிக்கவே. பழைய புகழ் அச்சான்றிதழுக்கு ஈடாகாது.

முடத்தெங்கோ ஒருவரது வளவிலே நின்று, அவர் வார்த்த நீரைக் குடித்து, வேலிக்கு அப்பால் வளைந்து அயலாருக்குக் காய் கொடுப்பது. உழைத்து வழிபடும் மாணவனை விட்டு, வேண்டியவனுக்கே நன்மை செய்யும் ஆசிரியரை இது குறிக்கும். ஒருவன் எந்தப் பாடசாலையில் படித்தான், யாருடைய மகன், எந்த மொழி பேசுகிறான் என்று பார்த்து அணியைத் தெரிபவர் எவ்வளவு பெரிய வீரராயினும் பயிற்றுநர் ஆகார். பல மொழியினரும் சமயத்தினரும் ஒரே தெருவில் வாழும் கொழும்பிலே இக்குறையை நாம் சிறிதும் பொறுக்கலாகாது.

இதற்கு எதிரான குணமே நிறைகோல், அதாவது துலாக்கோல். ஒவ்வொருவரின் நிறையையும் உள்ளபடி அறிவது அது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் தொழிலால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். 1951இலும் 1962இலும் ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கம் வென்றதும், 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றதும் அவருடைய பயிற்சியிலேதான். 1962இல் ஜகார்த்தாவில் ஜர்னைல் சிங் என்ற பின்கள வீரர் தலையில் காயமுற்றிருந்தார். அவரை வெளியே உட்காரவைக்காமல் ரஹீம் முன்களத்திலே நிறுத்தினார். அரையிறுதியிலும் இறுதியிலும் அவர் கோல் அடித்தார். இறுதியில் தென் கொரியா இரண்டுக்கு ஒன்று என்று தோற்றது. மற்றவர்கள் காயத்தைக் கண்ட இடத்தில், ஆசிரியர் அந்த வீரரின் நிறையைக் கண்டார்.

அப்படியானால் பெரிய வீரர் எவரும் பயிற்றுநர் ஆகலாகாதா என்று நேயர்கள் கேட்கக்கூடும். அவ்வாறு சொல்வது பிழை. பிரேசிலின் சகாலோ, ஜேர்மனியின் பெக்கன்பவர், பிரான்ஸின் டெஷாம் ஆகிய மூவரும் வீரராகவும் பயிற்றுநராகவும் உலகக் கிண்ணத்தை வென்றவர்கள். பெக்கன்பவரும் டெஷாமும் வீரராக வென்றபோது அணித்தலைவர்களாக இருந்தவர்கள். டெஷாம் மத்தியகளத்திலே பிறருக்காக ஓடி உழைத்தவர்; சக வீரர் ஒருவர் அவரைத் ‘தண்ணீர் சுமப்பவர்’ என்று எள்ளியதும் உண்டு. பிறருக்குத் தண்ணீர் சுமந்த அவரே 2018இல் பிரான்ஸுக்குக் கிண்ணத்தைப் பெற்றுத்தந்தார்.

ஸ்பெயினின் சாபி அலொன்சோவையும் இங்கே நினைக்கலாம். 2010இல் உலகக் கிண்ணம் வென்ற அணியைச் சேர்ந்த அவர், ஓய்வு பெற்றதும் பெரிய அணி எதையும் நாடவில்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்களிடம் தொடங்கினார். பின்னர் ரியல் சொசிடாட் கழகத்தின் இரண்டாம் அணியிலே மூன்று பருவகாலம் உழைத்தார். அதன் பின்னரே லெவர்கூசன் அணியை ஏற்று, 2023-24 பருவகாலத்தில் ஜேர்மனியின் லீக் போட்டிகளில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் முதலிடம் பெறச் செய்தார். புகழை மறந்து, சிறுவரிடத்தே மாணவராக அமர்ந்த பொறுமை அவருக்கு உதவிற்று. பவணந்தியார் நிலத்துக்குக் கூறிய குணங்களுள் பொறுமையும் ஒன்று.

நம்மவரிடையிலும் சான்று இல்லாமலில்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ், 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தவர். 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கிண்ணத்தை வென்றபோது அவ்வணியின் பயிற்றுநர் அவரே. நம் நாட்டின் பக்கீர் அலி, 1980களில் டாக்கா சென்று அபாஹனி கழகத்தின் பின்களத்திலே நின்று பெயர் பெற்றவர். பிறகு பயிற்றுநராகி, வங்காளதேசக் கழகங்களைப் பயிற்றுவித்து, 2018இல் இலங்கைத் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றார். 2022இல் மான்செஸ்டர் சிட்டி கழகத்தின் முன்னாள் அணித்தலைவர் அன்டி மொறிசன் அப்பொறுப்புக்கு வந்தார். அவரும் பின்கள வீரரே. ஆனால் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை உலகச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தி வைத்தது. பயிற்றுநர் எத்துணை வல்லவராயினும், நிருவாகம் சீர்கெட்டால் அவர் கைகட்டி நிற்க நேரும் என்பதையும் நாம் மறக்கலாகாது.

இனி, ஆடிக்கொண்டிருப்பவருள் நாளைய பயிற்றுநரை எவ்வாறு இனங்காண்பது? பின்களத்திலும் நடுக்களத்திலும் நிற்பவருக்கு முழு மைதானமும் கண்முன் விரிந்திருக்கும். கோல் காப்பாளருக்கும் அவ்வாறே. ஆகவே அவர்கள்மீது முதலில் கண் வைக்கலாம். மாற்று வீரராக வெளியே அமர்ந்திருக்கும்போது ஒருவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். முகம் சுளித்து மண்ணைக் கீறுகிறாரா, அல்லது எதிரணியின் இடக்கரை வீரர் எப்போது களைக்கிறார் என்று பார்த்துப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்கிறாரா? தோற்ற பிறகு நடுவரைக் குறைகூறுகிறாரா, அல்லது “எங்கே இடம் விட்டோம்?” என்று கேட்கிறாரா? புதிதாக வந்த இளைஞனிடம் பிழையை அவன் காதோடு சொல்கிறாரா, எல்லோரும் கேட்கச் சொல்கிறாரா? இவற்றுக்கு விடை தெரிந்தால், அவர் அடித்த கோல்களை எண்ண வேண்டிய அவசியமில்லை.

எங்கள் கழகங்களும் பாடசாலைகளும் பயிற்றுநரைத் தெரியும்போது இக்கேள்விகளைக் கேட்குமாயின் எவ்வளவோ நன்மை உண்டு. பெரிய பெயரைக் கண்டு மயங்கினால் இழப்பது ஒரு கிண்ணத்தை மாத்திரமன்று. வெள்ளவத்தைக் கரையில் தலைகுனிந்த சிறுவன், முழந்தாளிட்டவர் இல்லாதிருந்தால் மறுநாள் வந்திருக்கமாட்டான். பன்னிரண்டு வயதில் மைதானத்தைவிட்டுப் போனவன் இருபது வயதில் திரும்பி வருவதில்லை. அவன் எத்தகைய வீரனாகியிருப்பான் என்பதை எவரும் அறியப்போவதுமில்லை. அந்தச் சிறுவன் மறுநாளும் வந்தான். வந்தவன் பந்தை எடுத்துக்கொண்டு யாரிடம் போனான் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.