மின்சைக்கிள் சங்கிலி: எப்போது மாற்றுவது? எத்தனை கண்ணி வைப்பது?

பிரிக்பீல்ட்ஸ், ஜாலான் துன் சம்பந்தனில் சாலைச் சமிக்ஞை விளக்கு பச்சைக்கு மாறுகிறது. கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே நிற்கும் மின்சைக்கிள் ஓட்டுநர் மிதியை அழுத்துகிறார். மோட்டாரும் உடனே துணைக்கு வருகிறது. அந்த நொடியில் 'டக்' என்ற சத்தத்துடன் சங்கிலி பல்சக்கரத்தின் மேல் தாவி வழுக்குகிறது. பிடிமானம் இல்லாமல் கால் கீழே போகிறது. வண்டி தள்ளாடுகிறது. பின்னால் வாகனங்கள் நகரத் தொடங்கிவிட்டன.

இப்படி நடந்தால் பலரும் முதலில் சந்தேகப்படுவது மோட்டாரையோ பேட்டரியையோதான். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி சங்கிலிதான். தேய்ந்துபோன சங்கிலியை அளந்து பார்க்காமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் இந்த நிலை வரும். சரியான நேரத்தில் மாற்றினால் செலவு சங்கிலியோடு முடியும். தாமதித்தால் பின்னால் உள்ள பல்சக்கரத் தொகுதியும் (கேசட்) முன்னால் உள்ள பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்து, செலவு பல மடங்காகும்.

மின்சைக்கிளில் ஏன் சீக்கிரம் தேய்கிறது?

மின்சைக்கிள்களில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்றில் மோட்டார் சக்கரத்தின் நடுவே இருக்கும். இதை ஹப் மோட்டார் என்பார்கள். இதில் மோட்டாரின் விசை நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. சங்கிலி இழுப்பது ஓட்டுநரின் கால் பலத்தை மட்டுமே. எனவே தேய்மானம் சாதாரண சைக்கிளைப் போன்றதுதான்.

இன்னொரு வகையில் மோட்டார் மிதிகளுக்கு நடுவே இருக்கும். இது மிட் டிரைவ் எனப்படும். இதில் காலின் பலம், மோட்டாரின் பலம் இரண்டும் ஒரே சங்கிலி வழியாகத்தான் பின்சக்கரத்தை அடைகின்றன. நிதானமாக மிதிக்கும் ஒருவர் தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் சுமார் 100 வாட். ஐரோப்பாவில் மிதி உதவி மின்சைக்கிள் மோட்டாருக்கு விதிக்கப்பட்டுள்ள தொடர் ஆற்றல் வரம்பு 250 வாட். ஆக, சாதாரண சைக்கிள் சங்கிலி சுமப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு சுமையை மிட் டிரைவ் சங்கிலி சுமக்கிறது. பங்சார் பக்கம் மேடு ஏறும்போதும், நின்ற இடத்திலிருந்து புறப்படும்போதும் இந்தச் சுமை உச்சத்தைத் தொடும்.

இதோடு நம் ஊர்ப் பருவநிலையும் சேர்கிறது. மாலை மழை சங்கிலியின் எண்ணெயைக் கழுவிவிடும். சாலையில் தேங்கும் நீரிலுள்ள நுண்மணல் கண்ணிகளுக்குள் புகுந்து அரத்தைப் போல் அராவும். கிள்ளானில் துறைமுகத்துக்குப் போய்வரும் கனரக லாரிகள் கிளப்பும் தூசும் அதே வேலையைச் செய்கிறது.

சங்கிலி 'நீள்வது' எப்படி?

'செயின் நீண்டுவிட்டது' என்று கடைக்காரர்கள் சொல்வது வழக்கம். உண்மையில் இரும்புத் தகடு இழுபட்டு நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்த கண்ணியோடு இணைக்கும் சிறு ஆணியும், அது சுழலும் துளையின் உட்புறமும் தேய்கின்றன. ஒரு மூட்டில் தலைமுடி அளவு இடைவெளி ஏற்பட்டாலும், நூற்றுக்கும் மேற்பட்ட மூட்டுகளில் அது சேர்ந்து கண்ணுக்குத் தெரியும் நீளமாகிவிடுகிறது.

இந்த உருளைச் சங்கிலியின் வடிவத்தை 1880-இல் காப்புரிமை பெற்று அறிமுகப்படுத்தியவர், சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் தொழில் நடத்திய பொறியாளர் ஹான்ஸ் ரெனால்ட். இன்று நாம் ஓட்டும் சைக்கிள்களின் சங்கிலியில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் உள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். பல்சக்கரத்தின் பற்களும் இதே இடைவெளியில்தான் வெட்டப்பட்டிருக்கும். சங்கிலி தேய்ந்து இந்தத் தூரம் கூடும்போது, சுமை எல்லாப் பற்களிலும் பரவாமல் ஓரிரு பற்களிலேயே விழுகிறது. பற்கள் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கி போல வளைகின்றன. அதன்பின் புதுச் சங்கிலியை மாட்டினாலும் அது பழைய பற்களில் சரியாக உட்காராது. அழுத்தி மிதித்தால் தாவும். தாமதம் செலவை ஏற்றுவது இதனால்தான்.

வீட்டிலேயே அளப்பது எப்படி?

இதற்கு ஓர் அளவுநாடா போதும். சங்கிலியை வண்டியிலிருந்து கழற்றவும் தேவையில்லை.

மிதியை லேசாக அழுத்திச் சங்கிலியின் மேல்பகுதியை விறைப்பாக்கிக்கொள்ளவும். ஓர் ஆணியின் நடுப்புள்ளியில் நாடாவின் பூஜ்யத்தை வைத்து, அங்கிருந்து 24 கண்ணிகளை எண்ணவும். புதுச் சங்கிலியில் 24-ஆவது கண்ணி முடியும் ஆணியின் நடுப்புள்ளி சரியாக 12 அங்குலத்தில், அதாவது 304.8 மில்லிமீட்டரில் இருக்கும்.

- கூடுதல் தூரம் 1.5 மில்லிமீட்டர் என்றால் தேய்மானம் 0.5 விழுக்காடு. பின்னால் 11 அல்லது 12 பல்சக்கரங்கள் உள்ள வண்டிக்கு இப்போதே மாற்ற வேண்டும்.
- கூடுதல் தூரம் 2.3 மில்லிமீட்டர் என்றால் 0.75 விழுக்காடு. பின்னால் 10 அல்லது அதற்குக் குறைவான பல்சக்கரங்கள் உள்ள கியர் வண்டிகளுக்கு இதுவே எல்லை.
- கூடுதல் தூரம் 3 மில்லிமீட்டர் என்றால் 1 விழுக்காடு. கியர் இல்லாத ஒற்றைப் பல்சக்கர வண்டிக்கு இதுவரை போகலாம். கியர் வண்டியில் இந்த அளவு வந்திருந்தால் கேசட்டும் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மில்லிமீட்டர் கணக்கு சிரமமாகத் தோன்றினால், சைக்கிள் கடைகளில் கிடைக்கும் சங்கிலித் தேய்மான அளவுகோலை வாங்கிக்கொள்ளலாம். 0.5, 0.75 என்று குறியிட்ட முனை கண்ணிக்குள் முழுமையாக இறங்கினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்று ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஓட்டுநரின் எடை, மேடு, மழை, பராமரிப்பு என எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை அளப்பது நல்ல பழக்கம். தினமும் 20 கிலோமீட்டர் ஓட்டி வேலைக்குப் போய்வருபவருக்கு அது ஏறக்குறைய மாதம் ஒருமுறை. நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டி உணவு விநியோகம் செய்பவருக்கோ எட்டு ஒன்பது நாளுக்கு ஒருமுறை.

எல்லாச் சங்கிலியும் ஒன்றல்ல

கண்ணியின் நீளம் எல்லாவற்றிலும் அரை அங்குலம்தான் என்பதால், எந்தச் சங்கிலியும் பொருந்தும் என்று நினைத்துவிடக்கூடாது. அகலம் மாறும். கியர் இல்லாத வண்டிகளில் பெரும்பாலும் உள் அகலம் 3.2 மில்லிமீட்டர். 6, 7, 8 பல்சக்கரங்கள் உள்ள வண்டிக்கு 2.4 மில்லிமீட்டர். 9 முதல் 12 வரை உள் அகலம் சுமார் 2.2 மில்லிமீட்டர் என்றாலும், வெளி அகலம் படிப்படியாகக் குறையும்: 8-க்கு சுமார் 7 மில்லிமீட்டர், 10-க்கு சுமார் 6, 12-க்கு 5-ஐச் சற்றே தாண்டும். 8-க்கான சங்கிலியை 10 பல்சக்கர வண்டியில் மாட்டினால் அது பக்கத்துப் பல்சக்கரத்தில் உரசும். கியரும் ஒழுங்காக மாறாது.

எனவே கடைக்குப் போகும்முன் பின்சக்கரத்தில் எத்தனை பல்சக்கரங்கள் உள்ளன என்று எண்ணிக்கொள்ளவும். வண்டியில் '21 கியர்' என்று ஒட்டியிருந்தால் அது முன்னால் 3, பின்னால் 7 என்பதன் பெருக்கல். சங்கிலிக்குத் தேவையான எண் 7 மட்டுமே. சங்கிலியின் இரு முனைகளையும் இணைக்கும் குயிக் லிங்க்கும் அதே எண்ணுக்கு உரியதாக இருக்க வேண்டும்.

கப்சாய் மோட்டார் சைக்கிள்களுக்கான 420, 428 ரகச் சங்கிலிகளிலும் கண்ணி நீளம் இதே 12.7 மில்லிமீட்டர்தான். ஆனால் உள் அகலம் 6 மில்லிமீட்டருக்கும் மேல். சைக்கிள் பல்சக்கரத்துக்கு அது உதவாது.

மிட் டிரைவ் வண்டிக்கு, மின்சைக்கிளுக்கென்றே வலுவூட்டித் தயாரிக்கப்படும் சங்கிலியை வாங்குவது நல்லது.

நீளத்தை முடிவு செய்வது

புதுச் சங்கிலி பெட்டியிலிருந்து வரும்போது வழக்கமாக வண்டிக்குத் தேவையானதைவிட நீளமாக இருக்கும். 116 கண்ணிகள் கொண்டது பரவலாகக் கிடைக்கும். பின்பகுதி நீண்ட மின்சைக்கிள்களுக்கு அது போதாமல் போகலாம். அவற்றுக்காக 136, 138 கண்ணிகள் கொண்டவையும் விற்கப்படுகின்றன.

பழைய சங்கிலியை அருகில் தொங்கவிட்டு அதே நீளத்துக்குப் புதியதை வெட்டுவது பலர் செய்யும் தவறு. 112 கண்ணிகள் உள்ள புதுச் சங்கிலியின் நீளம் சுமார் 1,422 மில்லிமீட்டர். ஒரு விழுக்காடு தேய்ந்த பழைய சங்கிலி அதைவிட 14 மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கும். அதாவது ஒரு கண்ணிக்கும் அதிகம். நீளத்தைப் பார்த்து வெட்டினால் கணக்குத் தவறும். கண்ணிகளை எண்ணித்தான் வெட்ட வேண்டும். அதுவும் பழைய சங்கிலி சரியான அளவில்தான் இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே.

தெரியாவிட்டால், கியர் மாற்றி உள்ள வண்டிகளுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி: புதுச் சங்கிலியை முன்னால் உள்ள பெரிய பல்சக்கரத்திலும் பின்னால் உள்ள மிகப் பெரிய பல்சக்கரத்திலும் சுற்றவும். கியர் மாற்றிக்குள் நுழைக்க வேண்டாம். விறைப்பாக இழுத்தால் இரு முனைகளும் இணையக்கூடிய மிகக் குறைந்த நீளம் தெரியும். அதோடு இரண்டு கண்ணிகளை, அதாவது ஓர் அங்குலத்தைக் கூட்டி, அந்த இடத்தில் வெட்டவும்.

இரண்டாம் வழி கணக்கு. மிதியின் அச்சு நடுவிலிருந்து பின்சக்கர அச்சு நடுவரை உள்ள தூரத்தை அங்குலத்தில் அளந்து இரண்டால் பெருக்கவும். முன் பெரிய பல்சக்கரத்தின் பற்களில் கால் பங்கையும், பின் பெரிய பல்சக்கரத்தின் பற்களில் கால் பங்கையும் கூட்டவும். கடைசியாக 1 கூட்டவும். பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு உயர்த்தவும். தூரம் 18 அங்குலம், முன்னால் 42 பற்கள், பின்னால் 34 பற்கள் என்றால்: 36 + 10.5 + 8.5 + 1 = 56 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு இரண்டு கண்ணிகள் என்பதால் 112 கண்ணிகள்.

குயிக் லிங்க்கையும் ஒரு கண்ணியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். அப்படியென்றால் சங்கிலியில் 111 கண்ணிகள், குயிக் லிங்க் ஒன்று. சங்கிலியின் இரு முனைகளும் குறுகிய உள்கண்ணிகளாக இருக்க வேண்டும். பின்பக்க சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், அது அமுங்கும்போது அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் கூடலாம்; அந்த அதிகபட்சத் தூரத்தை வைத்தே அளக்க வேண்டும். வண்டி நிறுவனத்தின் கையேட்டில் கண்ணி எண்ணிக்கை தரப்பட்டிருந்தால் அதையே பின்பற்றவும்.

கியர் இல்லாத வண்டியில் கூடுதல் கண்ணிகள் தேவையில்லை. பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் சங்கிலியின் இறுக்கத்தைச் சரிசெய்யலாம். நடுப்பகுதியை விரலால் தூக்கினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் அசைய வேண்டும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் மோட்டாரை அணைத்து, பேட்டரியைக் கழற்றி வைக்கவும். கை பல்சக்கரத்தில் இருக்கும்போது தவறுதலாகப் பொத்தான் அழுந்தினால் விரல் போய்விடும்.

பழைய சங்கிலி கியர் மாற்றியின் இரு சிறு சக்கரங்களுக்கு இடையே எப்படிப் போகிறது என்று கழற்றும்முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளவும். சங்கிலியை அதற்குரிய கருவியால் மட்டுமே வெட்டவும். சுத்தியலும் ஆணியும் வேண்டாம். குயிக் லிங்க்கை மாட்டியபின் அதைச் சங்கிலியின் மேல்பகுதிக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு மிதியை அழுத்தினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும்.

பிறகு சோதனை. வண்டியைத் தூக்கி நிறுத்தி, பேட்டரி இல்லாமலேயே கையால் மிதியைச் சுற்றவும். பெரியதில் பெரியது போட்டுப் பார்த்தால் கியர் மாற்றி முழுதாக இழுபட்டு விறைத்து நிற்கக்கூடாது. சிறியதில் சிறியது போட்டால் சங்கிலி தொங்கவோ தன்மேல் தானே உரசவோ கூடாது. முதல் ஓட்டத்தை வாகனம் இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளவும். அங்கே அழுத்தி மிதிக்கும்போது தாவினால் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டியிருக்கும்.

சங்கிலியின் ஆயுளைக் கூட்ட

சமிக்ஞை விளக்கில் நிற்கும்முன்பே எளிய கியருக்கு மாறிவிடவும். கடினமான கியரில் நின்ற இடத்திலிருந்து மோட்டாரின் முழு உதவியோடு கிளம்புவதைவிடச் சங்கிலிக்குப் பெரிய தண்டனை வேறில்லை. கியர் மாற்றும் நொடியில் மிதியின் அழுத்தத்தைக் குறைக்கவும்.

மழையில் நனைந்தால் அன்றே துணியால் துடைத்து, சைக்கிள் சங்கிலிக்கான எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு சொட்டாக விட்டு, மேலே மிஞ்சியதைத் துடைத்துவிடவும். ஆணி உள்ளேதான் தேய்கிறது. எண்ணெய் தேவைப்படுவதும் அங்கேதான். வெளியே வழியும் எண்ணெய் தூசியைச் சேர்க்க மட்டுமே உதவும். சமையலறைத் தேங்காய் எண்ணெயும் மோட்டார் கிரீஸும் இதற்கு ஏற்றவை அல்ல.

கடைக்குப் போகும்போது மூன்று விவரங்களைக் குறித்து எடுத்துச் செல்லவும்: பின்னால் எத்தனை பல்சக்கரங்கள், மோட்டார் நடுவிலா சக்கரத்திலா, மொத்தம் எத்தனை கண்ணிகள். இந்த மூன்றும் கையில் இருந்தால், பிரிக்பீல்ட்ஸாக இருந்தாலும் கிள்ளானாக இருந்தாலும் தவறான சங்கிலியோடு வீடு திரும்ப வேண்டியிருக்காது.