தக்காளிக்குக் காவல் செண்டுமல்லி

கர்நாடகத்தில் உள்ள கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பேர் போனது. அங்கே தக்காளி வயல் ஓரத்தில் செண்டுமல்லி பூத்திருந்தால் அது அழகுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு ஒரு வேலை உண்டு.

தக்காளிக்குப் பெரிய எதிரி காய்ப்புழு. அது தலையைக் காய்க்குள் நுழைத்துத் தின்னும். பாதி உடம்பு வெளியே கிடக்கும். ஒரு காயோடு நிற்காது. அடுத்த காய்க்கும் போகும். ஓட்டை விழுந்த காயை யார் வாங்குவார்கள்?

மருந்து அடிக்கலாம். ஆனால் காய்க்குள் இருக்கும் புழு மேல் மருந்து சரியாகப் படாது. அதே மருந்தை அடிக்கடி அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும். காசும் போகும், காயும் போகும்.

பெங்களூருக்கு அருகே ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் தக்காளியோடு செண்டுமல்லியை நட்டுப் பார்த்தார்கள். 1994-இல் முடிவை வெளியிட்டார்கள். காய்ப்புழுவின் தாய் ஓர் அந்துப்பூச்சி. அதற்குச் செண்டுமல்லி மேல் ஆசை அதிகம். தக்காளியை விட்டு அந்தப் பூவையும் மொட்டையும் தேடிப்போய் முட்டை இடும்.

இதில் நாள் கணக்குதான் முக்கியம். தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். அதனால் செண்டுமல்லியை 15 நாள் முன்பே விதைக்க வேண்டும். 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே நாளில் நடுங்கள். 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி. உயரமாக வளரும் ரகம் நல்லது. வீட்டுத் தோட்டம் என்றால் பாத்தி ஓரத்தில் நட்டால் போதும்.

நட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. இருந்தால், செண்டுமல்லியே புழு வளர்க்கும் இடமாகிவிடும். பூக்களை அடிக்கடி பறியுங்கள். புழு இருந்தால் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நல்ல பூவை விற்கலாம். ஆயுத பூஜை சமயத்தில் நல்ல விலை கிடைக்கும்.

முட்டைக்கோசுக்குக் கடுகு இப்படித்தான் உதவும். கோசு நடுவதற்கு 15 நாள் முன்பு ஒரு வரிசை கடுகு விதைப்பார்கள். நட்ட 25-ஆம் நாள் இன்னொரு வரிசை விதைப்பார்கள். முதல் வரிசை முற்றும்போது அடுத்தது இளசாக நிற்கும். கோசு இலையை அரிக்கும் புழுவின் தாய்ப்பூச்சி கடுகுக்குப் போய்விடும்.

எல்லாச் செடியும் நல்ல துணை ஆகாது. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு மூன்றும் தக்காளிக்குச் சொந்தம். ஒன்றுக்கு வரும் நோய் மற்றதற்கும் வரும். தக்காளி எடுத்த பாத்தியில் அடுத்துத் தட்டைப்பயறு போடலாம். அதன் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும்.