குனிந்து பாருங்கள், படம் பிடியுங்கள்

இன்று மாலை நடக்கப் போகும்போது உங்கள் புளோக்கின் கீழ்த்தளச் சுவரைச் சற்று உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், பூசணி விதை போலத் தட்டையாக, ஏறக்குறைய ஒரு செண்டிமீட்டர் நீளத்தில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா? சிமெண்ட் சில்லு என்று நினைத்துத் துடைப்பத்தால் எத்தனையோ முறை தட்டிவிட்டிருப்பீர்கள். அது சில்லு அல்ல, ஒரு வீடு. உள்ளே ஒரு புழு குடியிருக்கிறது.

துணிகளை அரிக்கும் அந்துப்பூச்சிகளின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு பூச்சி ஒன்றின் இளம்பருவம் அது. தன் உடலிலிருந்து வரும் பட்டு நூலால் பை ஒன்றைப் பின்னி, அதன்மேல் மணல், தூசி, துணிப் பிசிறு என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டிக்கொள்கிறது. பையின் இரு முனைகளிலும் வாசல் உண்டு. புழு உள்ளேயே திரும்பி, எந்த முனையிலிருந்தும் தலையை நீட்டும். பழைய ஒட்டடை, உதிர்ந்த முடி, கம்பளி நூல் ஆகியவையே அதன் உணவு.

இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால், தலை வெளியே வந்து வீட்டையே இழுத்துக்கொண்டு நகர்வதைக் காணலாம். அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்தால் உங்களிடம் இருப்பது வெறும் வேடிக்கைப் படம்தானா? எங்கே, எப்போது எடுத்தது என்ற குறிப்பும் சேர்ந்தால் அது ஓர் அறிவியல் பதிவு. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைச் சிலாங்கூரில் எடுக்கப்பட்ட ஒரு படம் காட்டியது.

ஒரு படம், ஒரு புதிய உயிரினம்

மலேசியப் புகைப்படக்காரர் குவெக் ஹோக் பிங், கோலாலம்பூருக்கு வடக்கே உள்ள காட்டுப் பூங்கா ஒன்றில் பச்சை நிற வலைச்சிறகுப் பூச்சியைக் கண்டார். ஆங்கிலத்தில் லேஸ்விங் எனப்படும் இனம் அது. சிறகில் கறுப்புக் கோடுகளும் நீலப் பொட்டுகளும் இருந்தன. படமெடுத்து முடித்ததும் பூச்சி பறந்துவிட்டது. அவர் படங்களை ஃப்ளிக்கர் தளத்தில் ஏற்றினார்.

2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய பூச்சியியல் அறிஞர் ஷான் வின்டர்டன் தற்செயலாக அந்தப் படத்தைப் பார்த்தார். அப்படிப்பட்ட சிறகுக் கோலத்தை அவர் அதற்குமுன் கண்டதில்லை. உடனே குவெக்குக்கு எழுதினார். ஆனால் கையில் பூச்சி இல்லையே! படத்தை மட்டும் வைத்து அதைப் புதிய இனமென்று உறுதிசெய்ய அவர் விரும்பவில்லை.

ஏறத்தாழ ஓராண்டு கழித்து, குவெக் அதே பகுதிக்குத் திரும்பிச் சென்றபோது இன்னொரு பூச்சி கிடைத்தது. அது லண்டனின் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு அனுப்பப்பட்டது. அங்கே ஸ்டீவ் புரூக்ஸ் அதைச் சோதித்து, புதிய இனம்தான் என்றார். அந்த அரும்பொருளகத்தின் பெட்டிகளிலேயே சாபாவிலிருந்து வந்த அதே இனப் பூச்சி ஒன்று பல ஆண்டுகளாகப் பெயரில்லாமல் கிடந்ததும் அப்போது தெரியவந்தது. 2012இல் மூவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பூச்சிக்கு ‘செமகிரைசா ஜேட்’ என்று பெயர் வைத்தார்கள். பச்சை மணிக்கல்லை நினைத்து வைத்த பெயரென்று தோன்றும். உண்மையில் ஜேட் என்பது வின்டர்டனின் மகள் பெயர்.

குவெக் தாம் நின்ற இடத்தை மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அழகான படம் ஒன்று மிஞ்சியிருக்கும். பூச்சியைத் தேடி எங்கே போவது என்று தெரிந்திருக்காது.

உங்கள் பாதையில் என்ன இருக்கிறது?

புதிய இனத்தைத் தேடி எல்லாரும் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. பூங்கா இணைப்புப் பாதையிலும் பள்ளித் திடலோரத்திலும் பார்க்க நிறைய உண்டு.

மரத்தடியில் பளபளக்கும் சிவப்பு விதைகளைப் பொறுக்காத பிள்ளைகள் நம் ஊரில் குறைவு. மலாயில் சாகா என்பார்கள், தமிழில் ஆனைக்குன்றிமணி அல்லது மஞ்சாடி. விதைக்கு விதை எடை அவ்வளவாக மாறாது. நான்கு விதைகள் ஏறத்தாழ ஒரு கிராம். அதனால்தான் அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் இதைத் தராசில் எடைக்கல்லாக வைத்தார்கள். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது பழைய கணக்கு. ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: சிவப்பு விதையில் கறுப்புப் பொட்டு இருந்தால் அது குன்றிமணி. அதை உடைத்து மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. படமெடுக்கும்போது விதையோடு, முறுக்கிக்கொண்டிருக்கும் காய்ந்த நெற்றையும் மரத்தின் இலையையும் சேர்த்து எடுங்கள். விதையை மட்டும் பார்த்து மரத்தைச் சொல்வது கடினம்.

மரத்தண்டில் பழுப்பு நிறத்தில் கூடு ஒன்று பற்றிக்கொண்டிருந்தால் அது சில்வண்டு கழற்றிவிட்டுப் போன சட்டை. மண்ணுக்கடியில் வேரின் சாற்றை உறிஞ்சி வளர்ந்த பூச்சி, மேலேறி வந்து முதுகைப் பிளந்துகொண்டு வெளியேறியிருக்கிறது. முதுகுப் பக்கம் படமெடுங்கள். பிளவுக்குள் வெண்மையான நூல்கள் தெரிந்தால், அவை பூச்சியின் மூச்சுக்குழாய்களின் உள்ளுறை. சட்டையோடு சேர்ந்து மூச்சுக்குழாயின் உறையும் கழன்றுவிடுகிறது!

சாங்கி கடற்கரைக்குப் போகிறவர்கள் நீர் வற்றிய நேரத்தில் மணலைப் பாருங்கள். பட்டாணி அளவில் ஆயிரக்கணக்கான மணல் உருண்டைகள் கோலம் போட்டதுபோல் பரவியிருக்கும். நடுவில் ஒரு சிறு துளை. அது மணல் நண்டின் வளை. நண்டு மணலை அள்ளி வாயில் போட்டு, மணல் துகள்களில் ஒட்டியுள்ள நுண்ணிய உணவைப் பிரித்துக்கொண்டு, மீதியை உருட்டித் துப்பிவிடுகிறது. அடுத்த நீரேற்றத்தில் கோலம் கலைந்துவிடும். ஆகவே முதலில் மேலிருந்து முழுக் கோலத்தையும், பிறகு வளையை அருகிலிருந்தும் எடுங்கள்.

படம் பதிவாக மாற

விலையுயர்ந்த கேமரா தேவையில்லை. நான்கு பழக்கங்கள் போதும்.

முதலாவது, அளவு. பொருளுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தையோ ஈசி-லிங்க், டச் அண்ட் கோ போன்ற பயண அட்டையையோ வையுங்கள். அட்டையின் நீளம் 85.6 மில்லிமீட்டர். அடையாள அட்டையும் வங்கி அட்டையும் வேண்டாம், எண்கள் படத்தில் விழுந்துவிடும்.

இரண்டாவது, கோணம். தூரத்திலிருந்து ஒன்று, அருகில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. காளானாக இருந்தால் குடைக்கு அடியிலும் பாருங்கள். அங்கே மடிப்பு இருக்கிறதா, துளைகள் இருக்கின்றனவா என்பதை வைத்தே அது எந்த வகை என்று பிரிக்கத் தொடங்குவார்கள்.

மூன்றாவது, இடமும் நேரமும். கைத்தொலைபேசியின் கேமராவில் இடக்குறிப்பை இயக்கி வைத்தால் அதுவே பதிந்துகொள்ளும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் இக்குறிப்பு பெரும்பாலும் நீங்கிவிடும் என்பதால் மூலப் படத்தை அழிக்காதீர்கள்.

நான்காவது, பகிர்வு. ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் படத்தை ஏற்றினால் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களும் அறிஞர்களும் பெயர் காண உதவுவார்கள். உறுதியான பதிவுகளை ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். அழிவின் விளிம்பில் உள்ள இனமென்றால் சரியான இடத்தைச் செயலி மற்றவர்களுக்கு மறைத்துக் காட்டும். ஆனால் அந்தப் படத்தையே இடத்தின் பெயரோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டால் மறைத்ததில் பயனில்லை. அரிய ஆர்க்கிட் செடியைத் தோண்டிச் செல்பவர்களுக்கு நாமே வழிகாட்டியதாகிவிடும்.

பார்த்ததை வீட்டுக்கு எடுத்துவர ஆசை வரும். சிங்கப்பூரின் பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் செடி, விலங்கு எதையும் அனுமதியின்றி எடுப்பது குற்றம். படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல்லைப் புரட்டிப் பார்த்தால் இருந்தபடியே திருப்பி வையுங்கள், அதனடியில் ஒரு குடும்பம் இருக்கலாம்.

ஓரிடத்தில் ஓர் உயிர் இருந்ததென்று யாரும் குறித்துவைக்காவிட்டால், அது அங்கிருந்து மறைந்த நாளும் யாருக்கும் தெரியாது. நீங்கள் தினமும் நடக்கும் பாதையை உங்களைவிட அதிகமுறை பார்த்த அறிவியலாளர் அநேகமாக எவரும் இல்லை. நாளைக் காலை ஒரே ஓரிடத்தில் நின்று, குனிந்து, நான்கு படம் எடுங்கள். கீழ்த்தளச் சுவரிலிருந்தே தொடங்கலாம்.